கட்டம் போட்ட தாளின் கதை



இரண்டு வாரமாகப் பதிவைக் காணோமே, டீச்சருக்கு உடம்பு சரியில்லையா என்று சிலர் போன் போட்டுக் கேட்டீர்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை. ஒரு கட்டத்தாளின் பின்னால் அலைந்துகொண்டிருந்தேன். அது என்னை எங்கெங்கோ இழுத்துக்கொண்டு போய்விட்டது. பதிவு நீளம்தான். சாப்பிட்டுவிட்டு ஆற அமர உட்கார்ந்து படியுங்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எட்டரை மணி. பத்தாம் வகுப்பு படிக்கிற பேரன் அப்போதுதான் பையைக் குடைந்து பார்த்துவிட்டுச் சொல்கிறான்: "ஆச்சி, நாளைக்குக் கணக்குல கிராஃப் டெஸ்ட்டு. பத்து ஷீட் கொண்டாரச் சொல்லியிருக்காங்க." பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் வரைபடக் கேள்விக்கு இப்போது 8 மார்க். முந்தி 10 மார்க். கணக்கில் தட்டுத்தடுமாறுகிற பிள்ளைகளைக்கூட வரைபடத்தையும் செய்முறை வடிவியலையும் பழக்கித்தான் கரையேற்றுவார்கள். லேசாக விட்டுவிட முடியாது.

சத்திரத்தில் ஒரு கடை பூட்டியாகிவிட்டது. இன்னொன்றில் ஷீட் தீர்ந்துவிட்டது. அந்த நேரத்தில் சங்கரன்கோவிலுக்குப் பஸ் ஏறிப் போய்த் திரும்ப முடியாது. ஷட்டரைப் பாதி இறக்கிக்கொண்டிருந்த ஜெராக்ஸ் கடையில் போய் நின்றேன். கடைக்காரப் பையன் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவன். "நீங்க ஏன் டீச்சர் கவலப்படுதீய? எக்செல்ல எல்லாம் கட்டம் கட்டமாத்தான இருக்கு, அதை அப்படியே பிரிண்ட் போட்டுட்டாப் போச்சு" என்றான். எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது.

பட்டனை அமுக்கினான். கம்ப்யூட்டர் ஒரு வாசகம் காட்டியது. அச்சடிக்க எதையும் காணோமாம்! திரை முழுக்கக் கட்டம் தெரிகிறது, எதையும் காணோம் என்கிறது. அந்தக் கோடுகள் நமக்கு வழிகாட்டத் திரையில் மட்டும் தெரிகிறவை. எண்ணோ எழுத்தோ எதுவும் இல்லாத தாளை அது தாளாகவே கணக்கில் எடுப்பதில்லை.

பையன் விடவில்லை. ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்து, எல்லாக் கட்டத்துக்கும் கரை போட்டான். அகலத்துக்கு 5, உயரத்துக்கு 5 என்று கொடுத்தான். வந்த தாளைப் பார்த்தால் கட்டமெல்லாம் செங்கல் அடுக்கினது போல் இருக்கிறது. அகலம் ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல், உயரம் இரண்டு மில்லிமீட்டர்கூட இல்லை. பிறகு மவுசால் இழுத்து இழுத்துத் திரையில் சதுரமாக்கினான். ஒரே பக்கத்தில் அடங்கட்டும் என்று இன்னொரு பட்டனைத் தட்டினான். சதுரம் வந்தது. ஸ்கேலை வைத்துப் பார்த்தால் ஒரு சென்டிமீட்டருக்குப் பதில் 9 மில்லிமீட்டரும் சொச்சமும். மணி பத்து. "ஸ்கேல் வைக்காத, கட்டத்தை எண்ணிப் புள்ளி வையி" என்று பேரனிடம் சொல்லி அனுப்பிவிட்டேன்.

மறுநாள் வேடிக்கைக்காக அந்தச் செங்கல் கட்டத் தாளைப் படம் பிடித்து 1994-ல் ஏழாம் வகுப்பு படித்தவர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். பத்து நிமிடத்தில் ஒரு குரல் பதிவு வந்தது. "டீச்சர், நல்லா இருக்கீயளா? படத்தப் பாத்தேன். இந்தக் கட்டத்துக்குத்தான என்னைய ஒரு பீரியடு வராந்தாவுல நிக்க வச்சீய? இப்ப நீங்களே போட்டிருக்கீயளே!" சொல்லிவிட்டுச் சிரிக்கிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளை நிற்க வைத்தது ஞாபகம் இருந்தது. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன். அதற்கு முன், இந்தக் கட்டத்தாள் எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்ததைச் சொல்லிவிடுகிறேன்.

x அச்சு, y அச்சு என்று நாம் படித்ததெல்லாம் பிரெஞ்சுக்காரர் டெக்கார்ட்டின் பெயரோடு ஒட்டியவை. அவருடைய வடிவியல் நூல் 1637-ல் வந்தது. ஆனால் அந்த நூலில் கட்டத்தாள் கிடையாது. இடத்தை இரண்டு எண்களால் சொல்லலாம் என்ற யோசனை வந்து, அதற்கென்று அச்சடித்த தாள் விற்பனைக்கு வருவதற்குள் ஒன்றரை நூற்றாண்டு ஓடிவிட்டது. 1786-ல் வில்லியம் பிளேஃபேர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் இங்கிலாந்தின் ஏற்றுமதி இறக்குமதியைக் கோடுகளாக வரைந்து ஒரு புத்தகம் போட்டார். அந்தப் படங்களைச் செப்புத் தகட்டில் செதுக்கித்தான் அச்சடித்தார்கள். கட்டம் அச்சடித்த வெறுந்தாளுக்கு 1794-ல் இங்கிலாந்தில் டாக்டர் பக்ஸ்டன் என்பவர் காப்புரிமை வாங்கினார் என்று சொல்கிறார்கள். யோசித்துப் பாருங்கள், ஒன்றுமே எழுதாத தாளுக்குக் காப்புரிமை!

ஆனாலும் அது பிள்ளைகள் கைக்கு வரவில்லை. இன்னும் நூறு வருஷம் பொறியாளர்கள் மேசையிலும் ஆய்வுக்கூடத்திலுமே இருந்தது. அதை வகுப்பறைக்கு இழுத்துக்கொண்டு வரப் போராடியவர்களில் முக்கியமானவர் ஜான் பெர்ரி. அயர்லாந்துக்காரர், பொறியாளர். 1875 முதல் 1879 வரை ஜப்பானில், டோக்கியோவில் வாத்தியார் வேலை பார்த்தவர். பிறகு லண்டனில் தொழிற்கல்லூரியில் பாடம் நடத்தினார். யூக்ளிடின் தேற்றங்களை உருப்போட வைப்பதை நிறுத்துங்கள், பிள்ளைகள் கையில் கட்டத்தாளையும் ஸ்கேலையும் கொடுங்கள், அளந்து பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும் என்பது அவர் கட்சி. 1901-ல் கிளாஸ்கோவில் நடந்த பிரிட்டிஷ் அறிவியல் சங்கக் கூட்டத்தில் இதைப் போட்டு உடைத்தார். அடுத்த வருஷமே அமெரிக்காவில் கணித சங்கத் தலைவராக இருந்த இ. எச். மூர் பெர்ரியை ஆதரித்துப் பேசினார். நீங்களும் நானும் கணக்கு நோட்டில் கட்டம் பார்த்ததற்கு அந்த இரண்டு பேருக்கும் நன்றி சொல்ல வேண்டும்.

(நம் வீட்டு வாசலில் நேர்ப்புள்ளி, ஊடுபுள்ளி என்று அம்மாக்கள் கோடில்லாமலேயே கட்டம் போட்டுக்கொண்டிருந்தார்களே, அதற்கு யாருக்கு நன்றி சொல்வது என்று கேட்காதீர்கள். அது தனிப் பதிவு.)

நம் பக்கத்துக்குக் கட்டம் போட்ட நோட்டு சிவகாசியிலிருந்து வந்தது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-ல் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்த கதை உங்களுக்குத் தெரியும், பலமுறை வகுப்பில் சொல்லியிருக்கிறேன். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், லேபிளுக்கு அச்சு வேண்டும் என்று ஆரம்பித்த தொழில் காலண்டர், டைரி, நோட்டு என்று பெருகியது.

அந்தக் கால நோட்டுப் பட்டறைகளில் கோடு போடும் இயந்திரம் எப்படி வேலை செய்யும் என்று இப்போதுள்ள பிள்ளைகளுக்குத் தெரியாது. வரிசையாக மெல்லிய பித்தளைப் பேனாக்கள். மேலே மை ஊறிய துணியும் நூலும். கீழே நகரும் துணிப் பட்டையில் தாள் ஊர்ந்து போகும்போது எல்லாப் பேனாவும் ஒரே நேரத்தில் கோடு இழுக்கும். கவனியுங்கள், அது ஒரு திசையில்தான் கோடு இழுக்கும். கட்டம் வேண்டுமானால், மை காய்ந்த பிறகு தாளைத் திருப்பிப் போட்டு இன்னொரு முறை ஓட்ட வேண்டும். வேலை இரட்டிப்பு. தாள் இம்மி கோணினாலும் கட்டம் கோணலாகிவிடும். அதனால்தான் கோடு போட்ட நோட்டைவிடக் கட்டம் போட்ட நோட்டு எப்போதும் ஒரு படி விலை கூடுதல். மில்லிமீட்டர் கட்டம் போட்ட கிராஃப் ஷீட் இன்னும் கூடுதல். அந்தக் கூடுதல் காசு யாருக்கு இடித்தது என்பதைத்தான் நான் வாத்தியார் வேலைக்கு வந்தும் சரியாகக் கவனிக்கவில்லை.

பாளையங்கோட்டையில் 1978-லிருந்து இரண்டு வருஷம் ஆசிரியர் பயிற்சி படித்தபோது, பரப்பளவு நடத்தும் முறையை எங்களுக்கு இலையை வைத்துத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். கட்டத்தாளில் ஒரு பூவரசு இலையை வைத்துச் சுற்றி வரை. உள்ளே முழுக் கட்டம் எத்தனை, எண்ணு. பாதிக்கு மேல் இருந்தால் ஒன்று, பாதிக்குக் கீழ் இருந்தால் விட்டுவிடு. சூத்திரம் இல்லாத உருவத்துக்கும் பரப்பு கண்டுபிடிக்கலாம் என்று பிள்ளைகளுக்குப் புரிகிற நாள் அது. எனக்கு மிகவும் பிடித்த பாடம்.

1994-லும் அந்தப் பாடம்தான். கட்டத்தாள் வாங்கி வரச் சொல்லியிருந்தேன். ஒருத்தி மட்டும் பழைய மாதக் காலண்டர் தாளின் முதுகில் பென்சிலால் தானே கட்டம் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். கோடு ஒவ்வொன்றும் நூல் பிடித்தது போல் நேர். சில கோடுகளை மட்டும் அழுத்திப் போட்டிருந்தாள். நான் ஸ்கேலை வைத்தேன். அகலம் 10 மில்லிமீட்டர். உயரம் 8 மில்லிமீட்டர். எல்லாக் கட்டமும் அப்படியே.

"கட்டம்னா நாலு பக்கமும் சமமா இருக்கணும்னு தெரியாதா? அவசரத்துல கிறுக்கிக் கொண்டாந்து ஏமாத்தப் பாக்குற" என்று சத்தம் போட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு, "எங்கப்பா கட்டம் இப்படித்தான் டீச்சர் இருக்கும்" என்றாள். எதிர்த்துப் பேசுகிறாள் என்று நினைத்தேன். வராந்தாவில் நிற்க வைத்தேன். அந்தப் பாடம் முடியும்வரை அவள் வெளியே நின்றாள்.

இப்போது அவள் சேலம் பக்கம் இளம்பிள்ளையில் கம்ப்யூட்டரில் சேலை டிசைன் போடுகிறாள். குரல் பதிவு வந்த அன்று சாயங்காலமே நான் கூப்பிட்டேன். "எம்மா, உங்கப்பா கட்டம்னு அன்னைக்குச் சொன்னியே, அது என்ன?" என்று கேட்டேன். முப்பது வருஷம் கழித்துக் கேட்ட கேள்வி. அவள் ஒரு மணி நேரம் பாடம் நடத்தினாள்.

அவளுடைய அப்பா சங்கரன்கோவிலில் ஒரு தறிக்கூடத்துக்கு டிசைன் போட்டவர். சேலைக் கரையில் ஒரு மாங்காயோ பூவோ வர வேண்டுமானால் முதலில் அதைக் கட்டத்தாளில் வரைய வேண்டும். நெடுக்கு வரிசை ஒவ்வொன்றும் ஒரு பாவு இழை. குறுக்கு வரிசை ஒவ்வொன்றும் ஒரு ஊடை இழை. எந்தக் கட்டத்தில் நிறம் அடைத்திருக்கிறதோ அங்கே பாவு மேலே எழும்ப வேண்டும். அதைப் பார்த்து அட்டையில் ஓட்டை குத்துவார்கள். ஒரு ஊடைக்கு ஓர் அட்டை. அட்டைகளைக் கோத்து ஜக்கார்டில் மாட்டினால், தறி ஓட்டையைத் தடவிப் பார்த்துத் தெரிந்துகொள்ளும். பிரான்சில் ஜக்கார்டு இந்தப் பொறியைச் செய்து காட்டியது 1800-களின் தொடக்கத்தில். இந்த அட்டையைப் பார்த்துத்தான் சார்லஸ் பாபேஜ் தன் கணக்குப் பொறிக்கு ஓட்டை அட்டை வைக்கலாம் என்று எடுத்துக்கொண்டார். பாபேஜ் பெயரைக் கம்ப்யூட்டரின் தந்தை என்று பாடத்தில் படித்தீர்களே, அவரேதான்.

இனிமேல்தான் விஷயம். துணியில் பாவும் ஊடையும் ஒரே நெருக்கத்தில் இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஓர் அங்குலத்துக்குப் பாவு 64 இழை, ஊடை 80 இழை என்று வைத்துக்கொள்ளுங்கள். சதுரக் கட்டத்தாளில் 64-க்கு 64 என்று ஒரு வட்டப் பூவை வரைந்தால், நெய்து வரும்போது அகலம் ஓர் அங்குலம் இருக்கும், உயரம் முக்கால் அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல்தான் வரும். பூ அமுங்கிப்போகும். அதனால் தறிக்காரர்களின் கட்டத்தாளே அந்த விகிதத்தில் அச்சாகி வரும். 8-க்கு 8, 8-க்கு 10, 8-க்கு 12 என்று பல வகை உண்டு. 64-க்கு 80 என்றால் 8-க்கு 10 தாள். அதில் சின்னக் கட்டம் ஒவ்வொன்றும் அகலம் 10 பங்கு, உயரம் 8 பங்கு.

10 மில்லிமீட்டர், 8 மில்லிமீட்டர். அந்தக் காலண்டர் தாள்!

அவள் கிறுக்கவும் இல்லை, ஏமாற்றவும் இல்லை. வீட்டில் பார்த்த கட்டத்தை அப்பழுக்கில்லாமல் அளந்து போட்டிருக்கிறாள். நான் கணக்கு டீச்சராக நடந்திருந்தால் ஒன்று செய்திருக்கலாம். உன் கட்டம் ஒன்றின் பரப்பு 0.8 சதுர சென்டிமீட்டர், எண்ணி வந்ததை 0.8-ஆல் பெருக்கு என்று சொல்லியிருக்கலாம். 40 கட்டம் என்றால் 32 சதுர சென்டிமீட்டர். வகுப்பு முழுவதற்கும் அலகு என்றால் என்ன என்று அன்றைக்கே விளங்கியிருக்கும். கையில் வந்த அருமையான பாடத்தை வராந்தாவில் நிற்க வைத்துவிட்டேன்.

சரி, கம்ப்யூட்டருக்கு வருவோம். கட்டமே உருவான அந்த எக்செல் ஏன் ஒரு சதுரம் போட இத்தனை பாடுபடுத்துகிறது? இதற்கும் ஒரு வரலாறு உண்டு. அதுவும் ஒரு வகுப்பறையில் தொடங்குகிறது.

ஸ்ப்ரெட்ஷீட் என்பது முதலில் காகிதத்தின் பெயர். கணக்கர்கள் பேரேட்டில் எதிரெதிர் இரண்டு பக்கத்தையும் விரித்து, குறுக்கே நெடுக்கே கோடு போட்டு வரவு செலவு எழுதிய அகலத் தாள். 1978-ல் அமெரிக்காவின் ஹார்வர்டில் வணிகப் படிப்பு படித்துக்கொண்டிருந்த டான் பிரிக்ளின், பேராசிரியர் கரும்பலகையில் கட்டம் போட்டுக் கணக்கு எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓர் எண்ணை மாற்றினால், அதைத் தொட்டு வந்த எல்லா எண்ணையும் துணியால் அழித்து மறுபடி எழுத வேண்டியிருந்தது. சாக்பீஸ் தூள் தின்று வாழ்ந்த நமக்கு அந்தக் கஷ்டம் நன்றாகத் தெரியும். தானே திருத்திக்கொள்ளும் கரும்பலகை இருந்தால் எப்படி இருக்கும் என்று அவர் யோசித்தார். நண்பர் பாப் ஃபிராங்ஸ்டன் நிரல் எழுதினார். 1979-ல் ஆப்பிள் இரண்டு என்ற கம்ப்யூட்டருக்கு விசிகால்க் என்ற பெயரில் வெளிவந்தது. 63 நெடுவரிசை, 254 கிடைவரிசை. கடைக்காரர்களும் கணக்கர்களும் அதற்காகவே கம்ப்யூட்டர் வாங்கினார்கள். 1983-ல் லோட்டஸ் 1-2-3 வந்தது. 1985-ல் மெக்கின்டாஷ் கம்ப்யூட்டருக்கு எக்செல் வந்து, 1987-ல் விண்டோஸுக்கும் வந்தது.

ஆக, இது கணக்கர் வீட்டுப் பிள்ளை. நம் வடிவியல் வகுப்புப் பிள்ளை இல்லை. கணக்கருக்கு ஒரு கட்டத்தில் எத்தனை இலக்கம் பிடிக்கும் என்பதுதான் கேள்வி. அதனால் நெடுவரிசை அகலத்தை அது இன்றைக்கும் எழுத்துக் கணக்கில் அளக்கிறது. அகலம் 5 என்றால் ஐந்து பூஜ்யம் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும் இடம். கிடைவரிசை உயரத்தையோ பாயிண்ட் கணக்கில் அளக்கிறது. அது அச்சுக்கூடத்து அளவு, ஓர் அங்குலத்துக்கு 72 பாயிண்ட். ஐந்து பாயிண்ட் இரண்டு மில்லிமீட்டர்கூட வராது. நம் பையன் இரண்டு பக்கமும் 5 போட்டான். ஒரு பக்கம் ஐந்து முழம், மறுபக்கம் ஐந்து சாண் என்று அளந்த கதையாகிவிட்டது.

இரண்டாவது வம்பு, திரையின் புள்ளி. ஓர் அங்குலத்துக்கு 96 புள்ளி என்று வைத்தால் ஒரு மில்லிமீட்டருக்கு 3.78 புள்ளி. புள்ளியைப் பிட்டுக் கொடுக்க முடியாதே, 4 என்று முழுசாக எடுத்துக்கொள்கிறது. ஒரு கட்டத்தில் அந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. 180 கட்டம் சேர்ந்தால் 18 சென்டிமீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் 19 சென்டிமீட்டருக்கு மேல் போய்விடும். 1802-ல் லாம்டன் சென்னை பரங்கிமலைப் பக்கம் ஏழரை மைல் அடிக்கோட்டைச் சங்கிலி வைத்து அளந்தபோது பயந்தது இதற்குத்தான். நூறு அடிச் சங்கிலியை நானூறு முறை நீட்டி வைக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் கால் அங்குலம் பிசகினால் கடைசியில் எட்டு அடிக்கு மேல் போய்விடும். வெயிலில் சங்கிலி நீளும் என்று மரப்பெட்டிக்குள் கிடத்தி, வெப்பமானி வைத்துப் பார்த்துப் பார்த்து அளந்தார். உங்கள் ஸ்கேலில் பூஜ்யம் தேய்ந்துபோயிருந்தால் ஒன்றிலிருந்து அளங்கள் என்று நான் கத்துவேனே, ஞாபகம் இருக்கிறதா?

மூன்றாவது, அந்த 'ஒரே பக்கத்தில் அடக்கு' பட்டன். அது கேட்காமல் எல்லாவற்றையும் சுருக்கிவிடும். அளவு முக்கியம் என்றால் 100 சதவீதத்தில்தான் அச்சடிக்க வேண்டும்.

இதெல்லாம் தெரிந்த பிறகு மறுபடி கடைக்குப் போனேன். பையன் வேறொன்றைத் திறந்தான், லிப்ரே ஆபீஸ் கால்க். காசில்லாமல் கிடைப்பது. உங்களில் பிளஸ் டூவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்தவர்கள் ஸ்டார் ஆபீஸ் படித்தீர்களே, அதன் வாரிசு இது. ஸ்டார் ஆபீஸை 1999-ல் சன் நிறுவனம் வாங்கியது. பிறகு அது ஓப்பன் ஆபீஸாகப் பொதுவில் திறந்துவிடப்பட்டது. 2010-ல் அதிலிருந்து லிப்ரே ஆபீஸ் பிரிந்தது. இதில் அகலம், உயரம் இரண்டையுமே சென்டிமீட்டரில் கொடுக்கலாம். எக்செல்லிலும் பேஜ் லேஅவுட் பார்வைக்குப் போனால் சென்டிமீட்டரில் கேட்கும். அன்றைக்கு எங்களுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

ஏ4 தாள் 21-க்கு 29.7 சென்டிமீட்டர். ஓரம் விட்டு 18 நெடுவரிசை, 26 கிடைவரிசை. ஒவ்வொன்றும் 1 சென்டிமீட்டர். கரைக்குக் கறுப்பு வேண்டாம், இளம்பச்சையோ சாம்பலோ போட்டால் பென்சில் கோடு எடுப்பாகத் தெரியும். அச்சடித்து ஸ்கேல் வைத்தேன். பேரனும் வைத்தான். சரி. அந்தக் கோப்பு இப்போது சத்திரத்து ஜெராக்ஸ் கடையில் இருக்கிறது. நம் ஊர்ப் பிள்ளைகள் யார் கேட்டாலும் எடுத்துக் கொடுப்பான். காகிதக் காசு மட்டும் கொடுங்கள். காசில்லாத பிள்ளை வந்தால் என் பெயரில் எழுதிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.

கதை இதோடு முடிந்திருக்கும். இளம்பிள்ளைக்காரி மறுபடி கூப்பிட்டாள். "டீச்சர், அப்பாவுக்கு இப்ப கண்ணு சரியாத் தெரியல. ஆனா பென்சில கீழ வைக்க மாட்டேங்காங்க. எட்டுக்குப் பத்து தாள் பெரிய கட்டமா எங்கயும் கிடைக்கல. நீங்க போட்டுத் தருவீயளா?" என்றாள். அவளே கம்ப்யூட்டரில் இதைவிட நூறு மடங்கு வேலை செய்கிறவள். ஏன் என்னிடம் கேட்டாள் என்று எனக்குத் தெரியும், நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

அகலம் 0.75 சென்டிமீட்டர், உயரம் 0.6 சென்டிமீட்டர். 24 நெடுவரிசை, 40 கிடைவரிசை. இருபது தாள் எடுத்துக்கொண்டு, செவ்வாய்க்கிழமை காலை பஸ்ஸில் சங்கரன்கோவில் போனேன். திண்ணையில் உட்கார்ந்திருந்தார். "வாங்க டீச்சரம்மா" என்று எழுந்திருக்கப் பார்த்தார். "இருங்க அண்ணாச்சி" என்று பக்கத்திலேயே உட்கார்ந்து, 1994-ல் நடந்ததைச் சொன்னேன். அவள் வீட்டில் சொல்லவே இல்லையாம். "அதுக்கென்ன டீச்சரம்மா, சின்னப் பிள்ளைய கண்டிக்கத்தான செய்வாங்க" என்றார். கண் தாளை விட்டு எழவில்லை. தலைமாட்டில் கிடந்த ஸ்கேலை எடுத்துக் குறுக்கே வைத்தார், நெடுக்கே வைத்தார்.

"கட்டம் சரியா இருக்கு. ஆனா எட்டுக்கு ஒரு கோடு, பத்துக்கு ஒரு கோடு அழுத்தி விழணுமே? இல்லாட்டி எண்ண முடியாது."

காலண்டர் தாளில் அவள் சில கோடுகளை மட்டும் அழுத்திப் போட்டிருந்ததை அப்போதுதான் யோசித்தேன். ஏன் என்று அன்றைக்கு நான் கேட்கவில்லை.

சாயங்காலம் சத்திரத்தில் இறங்கி நேராகக் கடைக்குப் போனேன். நெடுக்கில் எட்டுக்கு ஒன்று, குறுக்கில் பத்துக்கு ஒன்று கனத்த கோடு போடச் சொன்னேன். தாள் வெளியே வந்ததும் கனத்த கோட்டுக்குள் இருந்த பெரிய கட்டத்தை அளந்தேன். எட்டு முக்கால் ஆறு. பத்து 0.6-ம் ஆறு. நாலு பக்கமும் சமம்.